இலை கொட்டுன பொந்தன்புளிக்குத் தண்ணி ஊத்தாதீங்க: என்னோட 4 வருசக் கணக்கு

போன ஞாயித்துக்கிழமை காலையில இன்ச் டேப் எடுத்துட்டுப் போய் என் பொந்தன்புளி மரத்த அளந்தேன். தரையிலருந்து உச்சிக் கொழுந்து வரைக்கும் 5 அடி 7 இன்ச், அடித்தண்டு சுத்தளவு 13 இன்ச். மாசி கடைசியிலருந்து வைகாசி முடியற வரைக்கும் இந்த மரத்துக்கு நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல, மொட்டைக் குச்சியாத்தான் நின்னுச்சு, ஆனி பொறந்து பத்து நாள்ல உச்சியில துளிர் வந்துருச்சு. 60 விதை போட்டு ஆரம்பிச்சதுல இப்ப தரையில நிக்கிறது இது ஒண்ணு, தொட்டியில இன்னொண்ணு. மத்ததெல்லாம் எப்படிப் போச்சுன்னு எழுதத்தான் இந்தப் பதிவு, ஏன்னா அதுல முக்கால்வாசி என் கையாலதான் போச்சு, காஞ்சு போனது ஒண்ணுகூட இல்ல.

மரம் எதுன்னு சொல்லிடறேன். பாவோபாப். ஆப்பிரிக்காவுல செனகல்லருந்து சூடான், தான்சானியா, ஜிம்பாப்வே, தென்னாப்பிரிக்காவோட லிம்போபோ வரைக்கும் வறண்ட காட்டுல நிக்கிற பெருத்த மரம். எங்க ராமநாதபுரம் கடலோரத்துலயும் பழைய மரங்க அங்கங்க இருக்கு, பொந்தன்புளின்னும் ஆனைப்புளின்னும் பப்பரப்புளின்னும் ஊருக்கு ஒரு பேரு. கடலுக்கு அந்தப்பக்கம் மன்னார்ல இதுக்குப் பெருக்கமரம்னு பேரு, பள்ளிமுனையில நிக்கிறது சுத்தளவு 19 மீட்டருக்கு மேல. அரபு வியாபாரிக கொண்டாந்து வச்சதுன்னு ரெண்டு கரையிலயும் சொல்லுவாங்க. கப்பல்ல வந்த மரம் இந்த உப்புக்காத்துலயும் மணல்லயும் இத்தனை நூறு வருசம் நிக்குதே, நம்ம வெறுங்காட்டுல சீமைக்கருவேலத்தப் புடுங்குன இடத்துல ஏன் நிக்காதுன்னுதான் எனக்கு ஆசை வந்துச்சு.

2021 மார்ச்ல ஒரு பெரிய மரத்தடியில விழுந்து கிடந்த காய் ரெண்டு எடுத்துட்டு வந்தேன். ஒண்ணு பூச்சி அரிச்சிருந்துச்சு, தூக்கிப் போட்டாச்சு. இன்னொண்ணு சொரக்குடுக்கை மாதிரி, மேல பழுப்பா வெல்வெட்டுத் துணி கணக்கா முடி. அரிவாளால ஒரு போடு போட்டுப் பாத்தேன் வழுக்கிட்டுப் போச்சு, அப்புறம் ஹாக்ஸா பிளேடு வச்சு சுத்தி அறுத்துத்தான் திறந்தேன். உள்ள சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக் காஞ்ச சதை, நடுவுல செவப்பு நாரு, அந்தச் சதைக்குள்ள ஒவ்வொரு விதையா ஒட்டிக்கிட்டு இருக்கும். அந்தச் சதைதான் புளிப்பு. தண்ணியில கரைச்சு நாட்டுச்சக்கரை போட்டு வீட்டுல எல்லாரும் குடிச்சோம், செனகல்ல இதையே சீனியும் பாலும் கலந்து கடையில விக்கிறாங்க. ராத்திரி ஊறவச்சு காலையில சல்லடையில தேய்ச்சுக் கழுவுனா விதை சுத்தமா வந்துரும். ஒரே காய்ல 140 விதை இருந்துச்சு. அவரைக்கொட்டை சைஸுல கருப்பா, கல்லு மாதிரி.

கல்லு மாதிரின்னா நெசமாவே கல்லுதான். ஜூன்ல மூணு பங்காப் பிரிச்சேன், பங்குக்கு 20. முதல் பங்க அப்படியே மண்ணுல ஊன்டேன். 45 நாள் காத்திருந்து ஒண்ணே ஒண்ணு முளைச்சுச்சு. தோண்டிப் பாத்தா மத்த 19ம் போட்ட மாதிரியே பளபளன்னு கிடக்கு. ரெண்டாவது பங்க ஒரு சொம்புல போட்டு அடுப்புலருந்து இறக்குன கொதிதண்ணிய மேல ஊத்தி அப்படியே ஒரு நாள் ஆற விட்டேன், அஞ்சு விதை ஊதுச்சு, அதுல மூணு முளைச்சுச்சு. விதையப் போட்டுக் கொதிக்க வைக்கக் கூடாது, அடுப்ப அணைச்ச பின்னாடிதான் விதை. மூணாவது பங்குதான் சரியான வழி. 80 நம்பர் உப்புத்தாள் ரெண்டு, 30 ரூபா. விதைய குறட்டுல புடிச்சுக்கிட்டு, அதோட தொப்புள் இருக்குதுல்ல அந்தப் பக்கத்த விட்டுட்டு எதிர்ப்பக்கம் முதுகுல தேய்க்கணும். கருப்பு போய் பழுப்பு வரும், அதுக்கு உள்ள வெள்ளைப் புள்ளி தெரிஞ்ச உடனே நிறுத்திரணும், வெள்ளையத் தேய்ச்சா பருப்பு போயிரும். ஒரு விதைக்கு ஒண்ணரை நிமிசம் ஆச்சு, இருபது தேய்ச்சு முடிக்கறதுக்குள்ள கட்டைவிரல் தோல் உரிஞ்சிருச்சு. நகவெட்டியால ஒரு ஓரத்தைக் கிள்ளியும் பாத்தேன், ரெண்டு விதை அப்படியே விரிசல் விட்டுச்சு, உப்புத்தாளே போதும்.

தேய்ச்சத வெதுவெதுப்பான தண்ணியில 24 மணி நேரம் போட்டா ஒண்ணுக்கு ரெண்டா ஊதிரும், மேல்தோல் ஜெல்லி மாதிரி வழவழன்னு ஆயிரும். அந்த ஜெல்லிய விரலால வழிச்சு எடுத்துட்டுத்தான் ஊன்டணும். மொத நாள் நான் எடுக்கல, அதுல பூசணம் புடிச்சுச்சு. ஒரு இன்ச் ஆழம், படுக்க வச்சு மூடுனேன். ஆறாம் நாள் முதல் முளை, பன்னெண்டு நாளுக்குள்ள 20க்கு 16. காட்டுல இந்த வேலைய யானையும் பபூன் குரங்கும் பாக்குது, காயத் தின்னு வயித்துல ஊற வச்சு சாணியில போடும். நமக்கு யானை இல்ல, உப்புத்தாள்தான்.

முளைக்கும்போது ஒரு விசயம். சில கன்னுக்கு விதைத்தோல் தலையில தொப்பி மாதிரி மாட்டிக்கும், வித்திலை விரிய முடியாது. அவசரப்பட்டு இழுத்தேன், ஒண்ணு கழுத்தோட முறிய இருந்துச்சு, நல்லவேளை தப்பிச்சுச்சு. ஈரப் பஞ்ச மேல வச்சு சாயங்காலம் வரைக்கும் விட்டா தானா கழண்டுரும்.

ஆக மொத்தம் 20 கன்னு. இங்கதான் முதல் தப்பு. நர்சரியில ரெடிமேட் மண்கலவைன்னு ஒரு மூட்டை 250 ரூபாய்க்கு வாங்கி, 6க்கு 8 இன்ச் கருப்புப் பையில நெரப்பி அதுலதான் ஊன்டிருந்தேன். தேங்கா நார்க்கழிவும் தொழுஉரமும் நெறைய இருந்த கலவை, கத்திரிக்கும் மொளகாய்க்கும் அருமையா இருக்கும். இதுக்கு அது எமன். மூணு வாரத்துல ஆறு கன்னு தரையோட ஒட்டுன இடத்துல நூல் மாதிரி மெலிஞ்சு சாஞ்சிருச்சு. மிச்சம் 14க்கும் மண்ண மாத்துனேன். ஆத்துமணல் ரெண்டு பங்கு, செம்மண் ஒரு பங்கு, பழைய நாட்டு ஓட்ட சுத்தியலால ஒடைச்ச சில்லு ஒரு பங்கு, ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. மணல் மூணு மூட்டை 240, புண்ணாக்கு ரெண்டு கிலோ 80, பை 25க்கு 100 ரூபா. ஊத்துன தண்ணி பத்து எண்ணறதுக்குள்ள கீழ வந்துரணும், அதுதான் என் டெஸ்ட். அதுக்கப்புறம் ஒரு கன்னுகூட சாயல.

இலையப் பாத்து பலபேரு ஏமாந்துருவாங்க, நானும் சந்தேகப்பட்டேன். பெரிய மரத்துல அஞ்சு விரல் விரிச்ச கை மாதிரி இலை, அதனாலதான் அடன்சோனியா டிஜிடேட்டான்னு விரலை வச்சே பேரு. அடன்சோனியாங்கறது 1749ல செனகலுக்குப் போயி அஞ்சு வருசம் இருந்த ஆதன்சோன்ற பிரெஞ்சுக்காரரு பேரு. ஆனா கன்னுல வர்ற முதல் இலைக எல்லாம் ஒத்தை இலைதான், மாவிலை கணக்கா. விதை மாறிப்போச்சோன்னு ரெண்டு மாசம் ஒரே யோசனை. அப்புறம் மூணு விரல் வந்துச்சு, அடுத்த வருசந்தான் அஞ்சு விரல் பாத்தேன்.

மூணு கன்ன சொந்தக்காரங்களுக்குக் கொடுத்துட்டேன், கையில 11. ஐப்பசி மழையில ஜம்முன்னு வளந்து டிசம்பர்ல சராசரி 14 இன்ச் உசரம். பொங்கல் முடிஞ்சதும் இலை மஞ்சளாச்சு, தை கடைசிக்குள்ள எல்லாக் கன்னும் மொட்டை. இந்த இடத்துல நான் செஞ்சத இப்ப நினைச்சாலும் மனசு கெடந்து அடிச்சுக்குது. தண்ணி பத்தலன்னு நினைச்சேன். வாரம் ரெண்டு தடவை ஊத்திக்கிட்டு இருந்தவன் தெனமும் ஊத்த ஆரம்பிச்சேன், வெயில் படுதுன்னு வேப்பமரத்து நிழலுக்கு மாத்துனேன், புளிச்ச கடலைப்புண்ணாக்குத் தண்ணி வேற. இலை இல்லாத செடிக்கு தண்ணிய இழுக்க வேலையே கிடையாது, ஊத்துனதெல்லாம் வேர்லயே நின்னுச்சு.

மார்ச் நடுவுல ஒண்ண அசைச்சேன், கையோட வந்துருச்சு. அடியில கிழங்கு, ஆமா இதுக்கு கன்னுலயே முள்ளங்கி மாதிரி கிழங்குவேர் வரும், அது கொழகொழன்னு ஆகி நாலுநாள் ஊறுன கழனித்தண்ணி நாத்தம். அடுத்தடுத்து பாத்தா அதே கதை, ஏழு போச்சு. எட்டாவது பையயும் அதே முடிவோட கிழிச்சு, வேரு எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு பேனாக்கத்தியால நடுவுல வெட்டுனேன். சரக்குன்னு வெட்டுச்சு. உள்ள பால்வெள்ளை, தண்ணி துளிர்க்குது, வெள்ளை முள்ளங்கிய நறுக்குன மாதிரி வாசம். உயிரோட இருந்ததை ரெண்டா வெட்டியிருக்கேன். அது பையில ஓட்டை பெருசாக் கிழிஞ்சு இருந்ததனால ஊத்துன தண்ணி நிக்காம ஓடியிருக்கு, அதான் பொழைச்சிருந்திருக்கு. அம்மா கையில வாங்கிப் பாத்துட்டு, "இது தூங்கிட்டு இருந்திருக்குடா"ன்னாங்க. அன்னிக்கு சோறு இறங்கல.

அன்னையிலருந்து மிச்சம் மூணையும் தொடல. மழை படாத மாதிரி தாவாரத்து ஓரமா, ஆனா நல்ல வெயில்ல வச்சேன். உயிர் இருக்கான்னு பாக்க ரெண்டே சோதனைதான். நகத்தால தண்டோட மேல்தோலை ஒரு எள்ளளவு சுரண்டுங்க, அடியில பச்சை தெரிஞ்சா இருக்கு. அப்புறம் அடித்தண்ட ரெண்டு விரல்ல அமுக்குங்க, கெட்டியா இருந்தா நல்லது, லேசா சுருங்கியிருந்தாலும் பரவால்ல, அமுங்கி ஈரம் கசிஞ்சா மட்டும்தான் போச்சு. நான் வாரம் ஒருதடவை சமையல் தராசுல பையோட எடையும் போட்டேன், ஒரு பை மார்ச்ல 2 கிலோ 100 இருந்தது மே மாசம் 1 கிலோ 650. மண்ணு காஞ்ச எடைதான் அது, தண்டு அப்படியே கெட்டியா இருந்துச்சு. மூணுல ஒண்ணு மே 29 அன்னிக்கு துளிர் விட்டுச்சு, மத்த ரெண்டும் ஜூன் முதல் வாரம். துளிர் தெரிஞ்ச அன்னிக்குத்தான் முதல் தண்ணி, அரை லிட்டர். இலை விரல் நீளம் வந்ததுக்கு அப்புறம் வாரம் ரெண்டு. வளரும்போது இது நல்லாவே தண்ணி குடிக்கும், பட்டினி போட்டே வளக்கணும்னு இல்ல. இலை இருந்தா தண்ணி, இலை இல்லன்னா இல்ல, அவ்வளவுதான் கணக்கு.

2022 ஜூலையில பைய மாத்தப் போனப்ப கிழங்கு அடியில முட்டி கொக்கி மாதிரி வளைஞ்சிருந்துச்சு. 8 இன்ச் பை பத்தவே பத்தாது. வீடு கட்டுனப்ப மிஞ்சுன 4 இன்ச் பிவிசி பைப் கிடந்துச்சு, அத 18 இன்ச் துண்டா அறுத்து, ஒவ்வொரு துண்டையும் நீளவாக்குல ரெண்டாப் பொளந்து திரும்பச் சேத்து மூணு இடத்துல கட்டுக்கம்பியால கட்டுனேன், அடியில கொசுவலை ரெண்டு மடிப்பு. பிளேடு ரெண்டு 50, கம்பி 40. பொளந்து கட்டுனதோட பலன் நடும்போது தெரியும், கம்பிய வெட்டுனா பைப் ரெண்டா விரிஞ்சு மண்ணு உதிராம முழுசா இறங்கும், வேர்ல கை படாது. இனிமே விதையவே நேரா பைப்லதான் போடுவேன், பை வேலையே வேண்டாம். வளைஞ்ச கிழங்க நிமித்தப் பாக்காதீங்க, முறிஞ்சுரும், அப்படியே இறக்கிருங்க.

ரெண்டாவது வருசம் பைப்புல ஒரு உயிர்கூடப் போகல. 2023 செப்டம்பர்ல ரெண்ட தரையில நட்டேன், ஒண்ண 14 இன்ச் சிமெண்டுத் தொட்டிக்கு மாத்துனேன். குழி 3 அடிக்கு 3 அடி, ஆள் கூலி 600. எங்க நிலம் மேல மணல், ரெண்டடிக்குக் கீழ களி. போர்த்தண்ணி உப்பு, அதனால குடிக்கிற தண்ணியத்தான் குடத்துல கொண்டுபோய் ஊத்துனேன். ஒரு கன்ன மேட்டுல ஒரு அடி உசத்தி பாத்தி போட்டு நட்டேன், இன்னொண்ணு வாய்க்கால் ஓரம் தரைமட்டத்துல, அங்க ஈரம் இருக்கும் நல்லா வரும்னு ஒரு நினைப்பு. படிச்ச பாடத்தையே மறந்துருக்கேன் பாருங்க.

2023 டிசம்பர்ல தெக்கத்தி மாவட்டங்கள்ல பேய்மழை பெஞ்சதே, தூத்துக்குடி அளவுக்கு எங்க பக்கம் இல்லன்னாலும் வாய்க்கால் ஓரத்துல ஆறு நாள் முழங்கால் தண்ணி நின்னுச்சு. தண்ணி வடிஞ்சு பாத்தப்ப இலை பச்சையாத்தான் இருந்துச்சு, தப்பிச்சிருச்சுன்னு நினைச்சேன். ஜனவரி கடைசியில கழுத்துப்பகுதி கருத்து உள்வாங்கிருச்சு. மேல இருந்து கத்தியால கொஞ்சம் கொஞ்சமா நறுக்கிட்டே வந்தேன், நல்ல சதை எங்கயாவது இருந்தா சாம்பல் தடவிக் காப்பாத்தலாம்னு. அடி வரைக்கும் பழுப்பு. மேட்டுல இருந்தது கல்லு மாதிரி நின்னுச்சு.

அந்த மேட்டுக் கன்னுக்கு வேற ரெண்டு கண்டம். 2024 மார்ச்ல தண்டோட மேக்குப் பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு வெளுத்து வெடிச்சுச்சு, சாயங்கால வெயில் நேரா அடிச்சது, இலையும் இல்ல. கல்லுச்சுண்ணாம்ப நீத்து ரெண்டு கோட்டிங் அடிச்சேன், அதுக்குமேல வெடிப்பு பரவல, இப்ப அந்த வடு மூடிக்கிட்டு வருது. இந்த மரத்தோட பட்டைக்கு அந்தக் குணம் உண்டு, ஆப்பிரிக்காவுல நாருக்காக மனுசங்க பட்டைய உரிச்சு கயிறு திரிப்பாங்க, மரம் சாகாது, திரும்பப் பட்டை கட்டிக்கும்.

அடுத்தது ஆடு. அதே வருசம் ஆகஸ்ட்ல ரெண்டு நாள் ஊர்ல இல்ல, திரும்பி வந்தா உச்சி ஒரு அடி காணோம். ஆடு மேய்க்கிற ஆத்தாவே வந்து சொன்னாங்க, "கொஞ்சம் கண்ணசந்துட்டேன் தம்பி, வாய் வச்சிருச்சு, கோவிச்சுக்கிறாதீக". கோவிச்சு என்ன பண்ண, இலை அவ்வளவு ருசி. நைஜீரியாவோட வடபக்கம் ஹவுசா ஜனங்க இந்த இலையக் காயவச்சு இடிச்சு குக்கான்னு குழம்புக்குப் போடறாங்க, மாலியில இலைக்காகவே கீரைப்பாத்தி மாதிரி விதைக்கிறாங்க. நானும் கொழுந்து கொஞ்சம் கிள்ளி பாசிப்பருப்போட போட்டுப் பாத்தேன், முருங்கைக்கீரையும் வெண்டைக்காயும் சேந்த மாதிரி, கொஞ்சம் வழவழப்பு. ஆப்பிரிக்காவுல பல இடத்துல பெரிய மரம் இருக்கு, சின்ன மரம் இல்லங்கறதுக்கு இந்த ஆடுமாடுதான் முக்கியக் காரணம்னு படிச்சப்ப எனக்கு அந்த மொட்டை உச்சிதான் ஞாபகம் வந்துச்சு. 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, அங்க இருக்கிற ரொம்ப வயசான 13 மரத்துல 9 மரம் பத்துப் பதிமூணு வருசத்துக்குள்ள செத்துருக்கு, இல்லன்னா அதுங்களோட பழைய பாகம் சரிஞ்சிருக்குன்னு. ஆயிரம் வருசத்துக்கு மேல நின்னது. பெருசும் போயி சின்னதும் ஆட்டு வாய்க்குப் போனா என்ன ஆகுறது.

கருவேல முள்ள வெட்டி அஞ்சடி வட்டத்துக்கு வேலி போட்டாச்சு, முள்ளு நம்ம நிலத்துலயே கிடக்கு, வெட்டுக்கூலி 500. முதல்லயே போட்டிருக்கணும். எல்லாம் கூட்டுனா நாலு வருசத்துல செலவு 1,890 ரூபா, அதுல 250 அந்த மண்கலவை மூட்டை, வீண். உச்சி போனதுனால ரெண்டு கிளை வெடிச்சுச்சு, அதுல வடக்கு பாத்தத விட்டுட்டு இன்னொண்ண அறுத்து சுண்ணாம்பு வச்சேன்.

தண்ணிக் கணக்கு இப்படி. தரையில நட்ட முதல் வருசம் மழைக்கு நடுவுல வறட்சி வந்தா 15 நாளைக்கு ஒரு குடம், பொங்கலோட நிறுத்தம். ரெண்டாவது வருசம் ஆடி ஆவணியில மட்டும் மாசம் ரெண்டு குடம். இந்த வருசம் துளிர் விட்டதுக்கு ஒரு குடம் ஊத்துனேன், அதுவும் என் ஆசைக்குத்தான். பச்சை மரத்துல முக்கால் பங்கு தண்ணிதான்னு சொல்லுவாங்க, சூடான்ல கொர்தோபான் பக்கம் பெரிய மரத்துப் பொந்துக்குள்ளயே மழைத்தண்ணிய நெரப்பி கோடைக்கு வச்சுக் குடிச்சிருக்காங்க. அப்படி ஒரு உடம்பு இதுக்கு.

தொட்டியில இருக்கிறது 2 அடி 3 இன்ச்தான், ஆனா அடி சுத்தளவு 9 இன்ச், குண்டா ஒரு குடுவை மாதிரி, பாக்க ரொம்ப அழகு. மாடியில வளக்க ஆசப்படறவங்க தாராளமா வளக்கலாம், இலை கொட்டுன அன்னிக்கு தொட்டி மேல "ஜூன் வரை தண்ணி கிடையாது"ன்னு ஒரு அட்டை மாட்டிருங்க, வீட்டுல யாராவது பாவம்னு ஊத்திருவாங்க. எங்க வீட்டுல அந்த அட்டை தொங்குது. பூவுக்கு அவசரப்படறவங்களுக்கு இது ஒத்துவராது, விதையிலருந்து வந்த மரம் பூக்க எட்டு வருசத்துலருந்து இருபது வருசத்துக்கு மேலயும் ஆகும், அதுவும் சாயங்காலம் விரிஞ்சு மறுநாள் வாடிரும், பெரும்பாலும் பழந்தின்னி வெளவால் வந்தாத்தான் காய்.

140ல 60 போட்டது போக மிச்சம் 80 விதை நாலு வருசமா ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில்ல கிடக்கு. நேத்து சாயங்காலம் அதுல 12 எடுத்து உப்புத்தாள்ல தேய்ச்சு ஊறப்போட்டிருக்கேன், முளைக்குதான்னு பாக்கணும். இந்தத் தடவை பைப் 24 இன்ச், ஓட்டுச்சில்லு ரெண்டு பங்கு. காலையில பாத்தேன், அஞ்சு விதை ஊதியிருக்கு.